காட்சிக்கு நடுவில் வந்த அழைப்பு

நான் வேலை செய்யும் கன்ரீன் மிசிசாகாவில் ஒரு பெரிய அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. மேல்மாடியில் கம்ப்யூட்டர் வேலை செய்கிற கோயம்புத்தூர்ப் பிள்ளை ஒருத்தி காலையில் அங்கே கோப்பி எடுக்க வருவாள். என்னைக் கண்டால் தமிழில்தான் கதைப்பாள். என்னுடைய யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வரும். அதற்காகவே நான் கொஞ்சம் கூட்டிக் கதைப்பேன். போன கிழமை அவளும் சிநேகிதிகளும் கவுண்டருக்கு முன்னால் நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குப் பிறந்தநாள் வருகிறதாம். ஆண்கள் பெண்வேடம் கட்டி ஆடுகிற காலைச் சாப்பாட்டுக் காட்சி, ட்ராக் பிரஞ்சுக்குப் போகவேண்டுமாம். எங்கே நல்லது என்று தேடித் தேடி ஆளுக்கொரு இடம் சொன்னார்கள்.

"ரொறன்ரோவிலை சேர்ச் தெருவுக்குப் போங்கோ பிள்ளை," என்றேன். "பெரிய ஹோட்டல்களிலையும் இப்ப செய்யினம். அங்கை சாப்பாடு வடிவாயிருக்கும், ஆட்டம் உப்பில்லாமல் இருக்கும். சேர்ச் தெருவிலை ஆடுறவை தங்கடை வீட்டு முத்தத்திலை நிக்கிற மாதிரி நிப்பினம். முதல் காட்சிக்குப் போங்கோ. ரெண்டாவதுக்குப் போனால் முட்டையும் ஆறியிருக்கும், ஆடுறவைக்கும் கால் நொந்திருக்கும். முன் மேசையிலை இருந்தால் இழுத்து ஆட வைப்பினம். வெக்கமெண்டால் படிக்கட்டுப் பக்கத்து மேசையைக் கேளுங்கோ. இன்னொண்டு, அவை கிட்ட வரேக்கை போனைப் பாத்துக்கொண்டு இருக்கக்கூடாது. அது மரியாதை இல்லை."

கோப்பி வரிசையே திரும்பிப் பார்த்தது. தலை நரைத்த, வலையால் முடியை மூடிய ஒரு கிழட்டு அங்கிளிடமிருந்து இப்படியொரு விவரம் வருமென்று யார்தான் எதிர்பார்ப்பார்கள்?

"உங்களுக்கு எப்படி அங்கிள் இதெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள் அந்தப் பிள்ளை.

"அங்கை சமைச்சனான்," என்றேன்.

அது உண்மைதான். முழு உண்மை இல்லை.

ஊரில் சண்டை முடிந்துகொண்டிருந்த வருடத்தில் நான் சேர்ச் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் நின்றேன். முடிந்துகொண்டிருந்தது என்று இப்போது சொல்கிறேன். அப்போது எங்களுக்கு அது முடிகிறது என்று தெரியாது, சுருங்குகிறது என்று மட்டும்தான் தெரியும். ரீவியில் காட்டிய வன்னி வரைபடம் ஒவ்வொரு நாளும் சிறுத்து, கடைசியில் கடலோரத்தில் ஒரு கீறாகிவிட்டது. அந்தக் கீறுக்குள் என் தம்பி இருந்தான். அம்மா என்னோடு வெக்ஸ்போர்ட்டில் ஒரு அப்பார்ட்மென்ரில் இருந்தா. சொந்தக்காரர் இருந்தாலும் எங்கள் வீட்டாட்கள் என்று நாங்கள் மூன்று பேர்தான்.

தம்பி ஊரில் லவுட்ஸ்பீக்கர் வைத்திருந்தவன். கலியாணம், கோயில் திருவிழா, செத்த வீடு, எதுவென்றாலும் குழாயைக் கட்டி வயரை இழுத்து, மைக்கைப் பிடித்து இரண்டு தரம் ஊதிப் பார்த்து, நகத்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் மற்றவர்களிடம் கொடுப்பான். அந்தப் பழக்கம் அவனுக்கு ரெலிபோனிலும் ஒட்டிக்கொண்டது. எடுத்தவுடன் ப்பூ, ப்பூ என்று இரண்டு ஊத்து, ஒரு தட்டு, அதற்குப் பிறகுதான் பேச்சு. "காதுக்குள்ளை ஊதாதையடா, அறுவானே," என்று அம்மா ஒவ்வொரு முறையும் பேசுவா. அவன் ஒவ்வொரு முறையும் ஊதுவான். கடைசி மாதங்களில் யாரோ வைத்திருந்த சற்றலைட் போனில் வரிசையில் நின்று எடுப்பான். "இருக்கிறன். அம்மாட்டைச் சொல்லு" என்பான். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதற்கு முன்னும் ஊதத்தான் செய்தான். செல்குண்டு விழுகிற இடத்தில் நின்றுகொண்டு போனைச் சோதிக்கிறவனை என்ன சொல்வது?

சேர்ச் தெருக் கடைக்கு வருகிறேன். ரொறன்ரோவில் இத்தாலியன் கடையென்ன பிரெஞ்சுக் கடையென்ன, குசினிக்குள் எட்டிப் பார்த்தால் எங்கடை ஆள் ஒருவன் சட்டியோடு நிற்பான். எனக்கு வாய்த்தது முட்டை. சனியும் ஞாயிறும் காலையில் மேலே மேசைகளை ஒதுக்கி ஒரு சின்ன மேடை போடுவார்கள். ஆண்கள் பெண்வேடம் கட்டி, ஒலிக்கிற பாட்டுக்கு வாயசைத்து ஆடுவார்கள். சனம் முட்டையும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டு பார்த்துக் கைதட்டும். கலியாணமாகப்போகிற பெண்கள், பிறந்தநாள்காரர், மகனின் கையைப் பிடித்துக்கொண்டு முதல்முறை வருகிற தாய் தகப்பன் என்று எல்லோரும் வருவார்கள். நான் நிலத்துக்குக் கீழே குசினியில் நின்று தண்ணீரில் முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டிருப்பேன். கீழே பாட்டு சரியாகக் கேட்காது. பலகைத் தளத்தில் குதி உயர்ந்த சப்பாத்துக் கால்கள்தான் கேட்கும். காலை வைத்தே இப்போது ஆடுவது யார் என்று சொல்லுவேன்.

முதல் மாதம் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன். பிறகு, ஊரில் கூத்திலும் ஆம்பிளைதானே சீதையாக வந்தான், அதற்கு நாங்கள் கண்ணீர் விட்டோமே என்று நினைத்துக்கொண்டேன். கூத்து முடிந்ததும் சீதை மரத்தடியில் பீடி பற்றவைத்ததையும் பார்த்தவன் நான். அதற்குப் பிறகு எனக்கு அதில் ஒன்றுமில்லை.

ஆடுகிறவர்களில் ஒருத்தி என்னோடு வாரப்பாடு, நல்ல பழக்கம். நெடிய ஆள். கனடாவின் கிழக்கே கடலோரத்து மீன்பிடி ஊர் ஒன்றில் பிறந்து வளர்ந்தவ. கிழமை நாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. விக் தலையில் இருந்தால் 'அவ', கழற்றினால் 'அவர்', அதுதான் அங்கே சட்டம். நான் விக்கோடு கண்டதுதான் கூட, ஆகவே அவ என்றே சொல்கிறேன். எல்லோரையும் ஹனி என்றுதான் கூப்பிடுவா. முதலாளியும் ஹனி, முட்டை கொண்டுவருகிற லொறிக்காரனும் ஹனி, நானும் ஹனி. பாஷை தெரியாத பாட்டுகளுக்குக்கூட ஒரு எழுத்துப் பிசகாமல் வாயசைப்பா. சொல் விளங்கத் தேவையில்லை, மூச்சை எங்கே எடுக்கிறார்கள் என்று கேட்டால் போதும் என்பா.

குசினிக்குள் போன் எடுபடாது. அதனால் நான் பத்து முட்டைக்கொருதரம் படியேறி மேலே போய் போனைப் பார்த்துவிட்டு வருவேன். பெரிய சமையற்காரன் என்னைத் திட்டித் தீர்த்தான். அதைக் கண்டுவிட்டு அவ என்னவென்று கேட்டா. சொன்னேன். உடனே கையை நீட்டினா. அன்றிலிருந்து காட்சி நேரத்தில் என் போன் மேடையோரத்து ஸ்ரூலில், அவவுடைய தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கும். "அடித்தால் முதலில் எடுத்துவிடு, என்ன வேலையில் நின்றாலும். நின்றுபோனால் திரும்ப எடுக்க அவனுக்கு வழியில்லை," என்று சொல்லி வைத்தேன். "சரி ஹனி," என்றா.

அந்த வசந்தம் முழுக்கச் சண்டையை நிறுத்தச் சொல்லி எங்கடை சனம் தெருவில் நின்றது. கொடியோடும் படங்களோடும் பிள்ளைகுட்டிகளோடும் நின்றார்கள். பெருந்தெருவிலும் ஏறி இருந்தார்கள். மேலே சாப்பிட வந்தவர்கள் வீதி மறித்ததால் பிந்திவிட்டோம் என்று குறை சொன்னதாகப் பரிசாரகன் வந்து சொல்லுவான். நான் அவர்களுக்கும் முட்டை அவித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. அப்போது எனக்கு எதுவும் வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையது இல்லாமல் போகுமே, அப்படித்தான் நாள் முழுக்க நடந்து திரிந்தேன்.

பிறகு லண்டனில் இருந்து சித்தப்பா போன் எடுத்தார். அந்தக் கீறில் இருந்து தப்பி வெளியே வந்த ஒருவர் சொன்னாராம், தம்பி செல் பட்டு முடிந்துபோனான் என்று. தான் கண்ணால் கண்டதாகவே சொன்னாராம். அம்மா போனை என்னிடம் தந்துவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்பை நூத்தா. கறி பாதி கொதித்து நின்றது. அன்றைக்கே சொந்தக்காரர் வரத் தொடங்கிவிட்டார்கள். வீடு துடக்கு வீடாகிவிட்டது. கோயில் இல்லை, மச்சமாமிசம் இல்லை, நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை. எட்டுச் செலவைப் புதன்கிழமை வைப்பதாக முடிவாயிற்று. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் படைக்கிற நாள் அது. நான்தான் சமைக்கவேண்டும்.

வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அழுகிறானா என்று பார்த்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வராததை எங்கேயிருந்து கொண்டுவருவது? சனிக்கிழமை விடிய எழும்பி வேலைக்குப் போனேன். குறைந்தபட்சம் முட்டை என் முகத்தைப் பார்க்காது.

கடையில் ஒருவருக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. பழக்கத்தில் போனை நீட்டினேன். அவவும் பழக்கத்தில் வாங்கிக்கொண்டு போனா.

முதல் காட்சி பாதியில் நடந்தது. நான் தலைக்கு மேலே அவவுடைய காலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். துள்ளல் பாட்டு ஒன்று. திடீரென்று கால் நின்றது. பாட்டு நிற்கவில்லை, கால் மட்டும் நின்றது. அடுத்த நொடி கூரை இடிந்து விழுவதுபோல் சனத்தின் சிரிப்பு, கைதட்டு, விசில். அதற்குள் கால் ஓடத் தொடங்கியது. படிக்கட்டில் இறங்கியது. சுடுசட்டி ஏந்துகிறவள்போல் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு, விக் ஒருபக்கம் சரிய, அவ குசினி வாசலில் வந்து நின்றா.

நான் வாங்கிக் காதில் வைத்தேன். ஒன்றுமில்லை. கட்டாகிவிட்டது. நம்பரும் விழவில்லை.

ஆண்குரல் என்றா. என்னுடைய பாஷை என்றா. ஒரே இரைச்சல், படியில் இறங்கும்போது போய்விட்டது என்றா. பாட்டுக்கு நடுவில் போனை எடுத்ததும் சனம் அதையும் ஆட்டத்தின் பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டது, மன்னித்துக்கொள் என்றா. கண்மை கன்னத்தில் இறங்கியிருந்தது. மேலே அவவைக் கூப்பிட்டுத் தாளம்போட்டுக் கைதட்டினார்கள். பெரிய சமையற்காரன் நான்கு தட்டு முட்டை கேட்டான். அவ மேலே போனா. நான் முட்டையை உடைத்தேன். ஒரு மஞ்சள் கருகூடச் சிதறவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னிலேயே ஒரு வெறுப்பு.

வீட்டில் போய்ச் சொன்னேன். சொன்னதும் வீடு இரண்டாகப் பிரிந்தது. அது தம்பிதான், கண்டதாகச் சொன்னவர் ஆளை மாறிச் சொல்லியிருப்பார் என்று ஒரு பாதி. துக்கம் விசாரிக்க வெளிநாட்டில் இருந்து யாராவது எடுத்திருப்பார்கள், இப்போது நம்பர் விழாத போன் கார்ட்டில்தானே எல்லோரும் எடுக்கிறார்கள் என்று மறுபாதி. சித்தப்பா லண்டனில் இருந்து மறுபாதியில் சேர்ந்தார். புதன்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கிறவனுக்கு எட்டுப் படைத்தால் அதைவிடப் பெரிய பிழை எங்கள் ஆட்களிடம் கிடையாது. அது நாங்களே அவனை வழியனுப்பி வைப்பது. செத்தவனுக்குப் படைக்காமல் விட்டால் அவன் பசியோடு வாசலில் நிற்பான். எதைச் செய்வது என்று ஆளாளுக்குக் கதைத்தார்கள். எல்லோரும் போன பிறகு அம்மா என்னிடம் வந்தா.

"போனை எடுத்த பிள்ளை நாளைக்கும் வருமோ?"

"ஓம். நாளைக்கும் காட்சி இருக்கு."

"என்னைக் கூட்டிக்கொண்டு போ. அந்தப் பிள்ளையிட்டைக் கேக்கவேணும்."

"அம்மா, அது ஆட்டம் பாட்டு நடக்கிற இடம். நாங்கள் துடக்கு."

"தெரியும்," என்றா.

ஞாயிறு காலை லோறன்ஸ் பஸ்சில் ஏறி, பிறகு சப்வேயில் போனோம். அம்மா வெளிர்நிறச் சீலை ஒன்று கட்டி, மேலே என்னுடைய பழைய ஜக்கெற்றைப் போட்டிருந்தா. கடையில் படிக்கட்டுப் பக்கத்துச் சின்ன மேசையில் இருத்திவிட்டு நான் கீழே போனேன். நீண்ட வார இறுதி. கடை நிரம்பி வழிந்தது. அம்மா கையை மடியில் வைத்தபடி முழுக் காட்சியையும் பார்த்ததாகப் பரிசாரகன் சொன்னான். தேத்தண்ணி மட்டும் குடித்தாவாம். ஒரு ஆட்டக்காரி பக்கத்தில் வந்து குனிந்தபோது அவவுடைய மினுக்கச் சட்டையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாவாம்.

முதல் காட்சி முடிந்ததும் ஏப்ரனோடு மேலே வந்தேன். முன் மேசைப் பெண்கள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நேற்றும் இப்பிடித்தான் சிரிச்சவையோ?" என்று கேட்டா அம்மா.

"ஓம்."

"போன் திறந்திருக்கேக்கையோ?"

"ஓம் அம்மா."

அதற்குள் அவ வந்தா. முதல்நாள் நான் சொல்லாமல் விட்டதை அன்று காலைதான் அவவிடம் சொல்லியிருந்தேன், தம்பி செத்துவிட்டதாகச் செய்தி வந்தது என்றும் நேற்றைய அழைப்பு யாருடையது என்று அம்மாவுக்குத் தெரியவேண்டும் என்றும். அவ கதிரையில் இருக்கவில்லை. அந்த நெடிய உடம்பை மடக்கி, அம்மாவின் முகத்துக்கு நேரே முகம் வரும்படி தரையில் முழங்காலில் நின்றா. பவுடருக்குக் கீழே தாடி முளைவிட்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தா, ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை.

"என்ன கேட்டது எண்டு கேள். எல்லாத்தையும் சொல்லச் சொல்லு. எனக்கு விளங்காதெண்டு விடவேண்டாம்."

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அவ கண்ணை மூடிக்கொண்டா. புதுப்பாட்டு ஒன்றைப் பழகும்போது அப்படித்தான் மூடுவா. பின்னால் ஒரே இரைச்சல் என்றா. சொற்கள் வேகமாக வந்தன, ஒன்றும் பிடிபடவில்லை என்றா. பிறகு, ஒன்று சொல்லவேண்டும், அது தனக்கு வேடிக்கையாக இருந்தது என்றா. மேடையில் ஏறமுன் தான் மைக்குக்குச் செய்வதைப்போலவே அந்த ஆளும் செய்தானாம். என்ன என்று கேட்டேன். கையை வாயருகே மைக் மாதிரிப் பிடித்தா. ப்பூ, ப்பூ. இரண்டு தரம் ஊதினா. பிறகு நீண்ட ஒட்டு நகத்தால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினா.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் முகத்தில் ஒரு இழையும் அசையவில்லை. முன் மேசைப் பெண்களின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"அவனில்லை," என்றா.

"அம்மா..."

"அவனில்லை. எனக்குத் தெரியாதே என்ரை பிள்ளையை?"

அது அவன்தான். உலகத்தில் வேறு யார் அப்படி ஊதுவான்? அம்மாவின் காதுக்குள் எத்தனை வருடம் ஊதினவன். எனக்குத் தெரிந்தது, அம்மாவுக்கும் தெரிந்தது, எனக்குத் தெரியும் என்பதும் அம்மாவுக்குத் தெரிந்தது. அவன் இருந்த இடத்தில் இருந்து அதற்குப் பிறகு யாரும் பேசப்போவதில்லை என்று அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது அவனென்றால், அவன் கடைசியாக ஒருமுறை எங்களைத் தேடி எடுத்திருக்கிறான். அப்போது சொந்தச் சனம் ஒன்றும் காதில் இல்லை. ஒரு கூட்டம் சிரித்திருக்கிறது. அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு அவன் நின்றிருக்கிறான். அம்மா அந்தச் சிரிப்பைத் தன் காதாலேயே கேட்டுவிட்டா. அதோடு மிச்சக் காலத்தை எப்படிக் கழிப்பது? அது அவனாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

அவனில்லையாம் என்று நான் மொழிபெயர்த்தேன். அவவுக்குப் பெரிய ஆறுதல். பிறகு அந்த ஆளிடம் தான் போனில் சொன்னது முழுவதையும் அவ எனக்குச் சொன்னா, அதையும் உன் அம்மாவுக்குச் சொல்லு என்றா. அம்மா அதற்குள் ஜக்கெற்றின் சிப்பை இழுத்துப் பூட்டிவிட்டா. இல்லாத ஒருவனுக்குச் சொன்னதை எதற்குச் சொல்வது என்று நான் மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டேன்.

அம்மா போகுமுன் அவவின் கன்னத்தைப் பார்த்து, "மை கரைஞ்சிருக்கு, துடைக்கச் சொல்லு," என்றா. அதை மட்டும் மொழிபெயர்த்தேன்.

இரண்டாவது காட்சி முடியும்வரை அம்மா அதே மேசையில் எனக்காகக் காத்திருந்தா. திரும்பி வரும்போது பஸ்சில், "எட்டைச் செய்வம்," என்றா. திங்கட்கிழமை ஊரில் சண்டை முடிந்ததென்று ரீவி சொன்னது. லீவு நாள், வெளியே பட்டாசு வெடித்தது. அது இந்த நாட்டுக்காரர் வழமையாகக் கொளுத்துவது. இருந்தாலும் அம்மா யன்னல்களைச் சாத்தினா.

புதன்கிழமை நான் சமைத்தேன். ஆட்டிறைச்சிக் கறி, பொரித்த மீன், கத்தரிக்காய்க் குழம்பு, வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்ட முட்டைப் பொரியல். முட்டைப் பொரியல் இல்லாமல் அவன் சோற்றைத் தொடமாட்டான். ஒரு பியர்ப் போத்தலும் வைத்தோம். இலை போட்டு, எல்லாம் வைத்து, விளக்கைக் கொளுத்தி, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். வந்து சாப்பிடட்டும் என்று அப்படி விடுவது வழக்கம். கதவுக்கு வெளியே நின்றபோதாவது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. திறந்து பார்த்தபோது எல்லாம் வைத்தபடியே இருந்தது. எண்ணெய் சரியாகச் சுடவில்லை போலிருக்கிறது, பொரியல் அமுங்கிப்போய்க் கிடந்தது என்பதுதான் எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகு அம்மாவும் நானும் இதைப்பற்றிக் கதைக்கவில்லை. வருடத்துக்கு வருடம் திவசம் செய்தோம், லண்டனில் இருந்து சொன்ன நாளில்தான், அதாவது அழைப்பு வந்த சனிக்கிழமைக்குச் சில நாள் முன்னால். நான் ரெலிபோன் கொம்பனி இரண்டு மூன்று தரம் மாறினேன். ஒவ்வொரு முறையும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நம்பர் அதுதானே?" அதுதான் என்பேன். எட்டுப் படைத்து, திவசம் கொடுத்துக்கொண்டிருக்கிற ஒரு தாய்க்கு நம்பர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அந்தக் கடையை இடித்து உயரமாக அப்பார்ட்மென்ற் கட்டிவிட்டார்கள். அவ கிழக்கே தன் ஊருக்கே போய்விட்டதாகக் கேள்வி. நான் மிசிசாகாவில் வேலை எடுத்தேன், ரூஜ் பக்கம் வீடு வாங்கினோம். தூரம்தான், காரில் இருந்து ரேடியோ கேட்டுப் பழகிவிட்டேன்.

கோயம்புத்தூர்ப் பிள்ளை கேட்ட அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஒரு பகிடியாகத்தான் அம்மாவிடம் சொன்னேன். "இண்டைக்கு ஒரு பிள்ளை அந்த ஆட்டம் எங்கை பாக்கலாமெண்டு என்னட்டைக் கேட்டது. நான் எல்லாம் விளக்கமாச் சொன்னன். வாயைப் பிளந்துபோட்டு நிண்டதுகள்." அம்மா சிரிப்பா என்று நினைத்தேன். அம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். கேட்கவில்லையாக்கும் என்று திரும்பச் சொல்ல வாயெடுத்தேன்.

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே, நிமிராமல் கேட்டா.

"அந்தப் பிள்ளை அவனோடை வடிவாக் கதைச்சதோ?"

எனக்கு உடனே விளங்கவில்லை. கோயம்புத்தூர்ப் பிள்ளையைக் கேட்கிறாவோ என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு விளங்கியது. இத்தனை வருடம் கழித்து அம்மா முதல்தடவை அது அவன்தான் என்று சொல்லியிருக்கிறா.

போனை எடுத்த ஆட்டக்காரி அன்றைக்குச் சொன்னது எனக்கு அச்சொட்டாக ஞாபகம் இருந்தது. போனை எடுத்தவுடன் தான் சும்மா நிற்கவில்லை என்றா. வைத்துவிடாதே ஹனி, உன் அண்ணன் கீழே நிற்கிறான், இதோ வந்துவிட்டோம் ஹனி, வைத்துவிடாதே என்று மேடையில் இருந்து படிக்கட்டின் அடிவரை சொல்லிக்கொண்டே ஓடிவந்தேன் என்றா. தம்பிக்கு அவ்வளவு இங்கிலீஷ் விளங்கும். கோயில் திருவிழாவில் வெளிநாட்டுக்காரர் வந்தால் அவன்தான் மைக்கில் வரவேற்பான்.

ஹனிக்கு அந்த நேரத்தில் ராசா என்பதைத் தவிர என்னிடம் வேறு தமிழ் இருக்கவில்லை.

"ஓம் அம்மா. 'வைச்சிடாதை ராசா, கொண்ணர் கீழை நிக்கிறார், இந்தா வந்திட்டம் ராசா' எண்டு சொல்லிக்கொண்டே ஓடி வந்தவ."

அம்மாவின் கை சோற்றுக் கோப்பையில் நின்றது.

"ராசா எண்டோ?"

"ஓம்."

அம்மா தலையாட்டினா. பிறகு மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தா. நான் எழும்பிக் கை கழுவப் போனேன். பைப்பைத் திறந்தேன். தண்ணீர் ஓடியது, எனக்கு அழுகை வந்தது. நிற்கவேயில்லை.